தார் வீதி முடிந்த பிறகு: படுவான்கரைப் பாதைகளும் ஒரு புதிய பெண் சாரதியும்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையில் நீண்டு கிடக்கும் நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்து செல்லும் நிலத்தைப் படுவான்கரை என்றும் எமது மக்கள் அழைத்து வருகின்றனர். ஒன்று சூரியன் எழும் கரை, மற்றையது சூரியன் படும் கரை. கச்சேரி, நீதிமன்றம், போதனா வைத்தியசாலை, பெரிய பாடசாலைகள் யாவும் நகரத்துப் பக்கமே உள்ளன. நெல்லும் பாலும் தயிரும் விறகும் அந்தக் கரையிலிருந்தே வருகின்றன. நகரத்துக் குழாய்களில் வரும் குடிநீர்கூட மேற்கே உள்ள உன்னிச்சைக் குளத்து நீரே. வாவியைக் கடந்து எல்லாம் இங்கு வந்து சேர்கின்றன. இங்கிருந்து அங்கு போக வேண்டியவைதான் பிந்துகின்றன.

யுத்தம் 2009 இல் முடிவடைந்த பின்னர் பாதைகள் ஓரளவு திருந்தியுள்ளன என்பதை மறுக்க முடியாது. மண்முனைத்துறையில் முன்னர் பாதை எனப்படும் மிதவையில் ஏறித்தான் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக வேண்டியிருந்தது. 2014 இல் அங்கு பாலம் திறக்கப்பட்டது. வவுணதீவுக்குச் செல்ல வலையிறவுப் பாலமும், வெல்லாவெளிப் பக்கம் செல்லப் பட்டிருப்புப் பாலமும் உள்ளன. ஆனால் பிரதான வீதியிலிருந்து உள்ளே திரும்பிச் சில கிலோமீற்றர் போனால் தார் முடிந்து விடுகின்றது. அதன் பின் கிறவல். கிறவல் முடிந்தால் குளக்கட்டு. குளக்கட்டு முடிந்தால் வயல் வரம்பை ஒட்டிய மாட்டு வண்டித் தடம். இடையிடையே, வீதியே தாழ்ந்து நீரோட்டத்தின் குறுக்காகச் செல்லும் தாம்போதிகள். வடக்கே கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் ஊடாகக் குடும்பிமலைப் பக்கம் செல்லும் வீதி, பெரு மாரியில் நீரில் மூழ்கி மக்கள் தோணியில் போய்வருவது ஏறக்குறைய வருடாந்த நிகழ்வாகவே உள்ளது.

இத்தகைய பாதைகளின் முடிவில் இருக்கும் கிராமங்களுக்குச் செல்வது சமூக சேவையாளர்களான எமது நாளாந்த வேலையாகும். இங்கு ஒரு விடயத்தை அவதானிக்க முடிகின்றது. நிறுவனங்களில் வெளிக்களத்திற்குப் போகும் உத்தியோகத்தர்களில் பெரும்பாலானோர் பெண்கள். வாகனத்தின் சாவியை வைத்திருப்பவர் பெரும்பாலும் ஆண். அவருக்கு வசதிப்பட்டால் பயணம் உண்டு, அவர் லீவென்றால் கிராமத்துக் கூட்டம் அடுத்த கிழமைக்குப் போய்விடும். தார் வீதியோரக் கிராமங்களுக்கு மோட்டார் சைக்கிளிலாவது போய்விடலாம். தள்ளிப்போவது எப்போதும் கடைசிக் கிராமமே. அங்கு காத்திருப்பவரும் பெரும்பாலும் ஒரு பெண்ணே.

இந்நிலையில் அண்மைக் காலமாகச் சில இடங்களில் பெண் உத்தியோகத்தர்களே டபிள் கப் வாகனங்களைச் செலுத்தப் பழகி வருகின்றனர். சாரதி அனுமதிப்பத்திரம் கிடைத்து ஆறு மாதமே ஆன ஒருவர், எவ்வித விசேட மாற்றமும் செய்யப்படாத ஒரு சாதாரண வாகனத்தில் இந்தப் பாதைகளில் போக முடியுமா என்ற கேள்வி பலரிடம் உண்டு. முடியும். அதற்கு விலை கூடிய டயரோ, உயர்த்திய வாகனமோ தேவையில்லை. ஆயத்தம் தேவை. அந்த ஆயத்தத்தில் வாகனத்திற்கு உரியது பாதிக்கும் குறைவு என்பதே எமது அனுபவம்.

வாகனத்தை அறிதல்

முதலில் செய்ய வேண்டியது, வாகனத்தை நிழலில் நிறுத்திவிட்டு ஒரு பாயை விரித்து அதன் கீழே படுத்துப் பார்ப்பதாகும். இதைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். ஆனால் வயிற்றுப் பக்கத்தை அறியாமல் கல்லின் மேல் ஏற்றும் சாரதி கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுபவருக்குச் சமம். பின் அச்சின் நடுவில் குண்டு போல் தொங்கும் டிப்ரென்சியல் எங்கே இருக்கின்றது, எண்ணெய்த் தாங்கி எந்தப் பக்கம், புகைக்குழாய் எவ்வளவு தாழ்வு என்பவற்றைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலான டபிள் கப்களில் அந்தக் குண்டே நிலத்திற்கு மிக அருகில் இருக்கும். பாதையின் நடுவே ஒரு பாறை துருத்திக்கொண்டிருந்தால், அதை இரண்டு சில்லுகளுக்கும் நடுவில் விட்டுப் போவது பிழை. ஒரு பக்கச் சில்லை அதன் மேல் மெதுவாக ஏற்றிப் போவதே சரி. சில்லு ஏறும்போது அச்சும் கூடவே உயர்ந்து விடும்.

அடுத்து பொனற்றைத் திறந்து, எஞ்சின் காற்றை இழுக்கும் வாய் எந்த உயரத்தில் இருக்கின்றது என்று பார்க்க வேண்டும். அந்த வாய்க்குள் தண்ணீர் போனால் எஞ்சினின் உள்ளே இருக்கும் தண்டுகள் வளைந்து விடும். ஆகவே நீருக்குள் எஞ்சின் நின்றுபோனால் மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கக் கூடாது. இழுத்து வெளியே எடுத்து, கராஜ் பாஸ் பார்த்த பின்னரே சாவியைத் திருப்ப வேண்டும்.

டயர்களில் பூ தேய்ந்திருக்கின்றதா என்று மட்டும் பார்த்தால் போதாது. வயல் பாதைகளில் முட்கம்பியும் வெட்டிய கட்டையும் டயரின் பக்கச் சுவரையே கிழிக்கின்றன. உட்பக்கச் சுவரையும் பார்க்க வேண்டும். மேலதிக டயர் அதே அளவினதாக, காற்றுடன் இருக்க வேண்டும். வருடக்கணக்காகக் கழற்றப்படாத மேலதிக டயரின் சங்கிலி துருப்பிடித்து இறங்காமல் போவதுண்டு. மாதத்திற்கு ஒரு தடவை இறக்கி ஏற்றினால் அந்தக் கரைச்சல் இல்லை.

சில்லு நட்டுகளைப் பற்றிப் பெண்களுக்கு விசேடமாகச் சொல்ல வேண்டும். டயர் கடைகளில் காற்று இயந்திரத்தால் இறுக்கி விடுவார்கள். காட்டுப் பாதையில் எம்மால் அதைக் கழற்ற முடியாது. ஆகவே கடையில் நின்று, கையால் இறுக்கித் தரும்படி கேட்க வேண்டும். அப்படியும் கழராவிட்டால் திருகியின் பிடியில் இரண்டடி நீள இரும்புக் குழாய் ஒன்றைச் செருகினால் போதும். நீளம் கூடக் கூடத் தேவைப்படும் பலம் குறையும். ஐம்பது கிலோ நிறையுள்ள ஒரு பெண் அந்தக் குழாயை உடம்பின் பாரத்தோடு அழுத்தினால் பெரும்பாலும் நட்டு கழரும். "ஆம்பிள இல்லாம டயர் மாத்த ஏலாது" என்ற கதை அந்த இரண்டடிக் குழாயோடு முடிந்து விடுகின்றது.

வாகனத்தில் ஏற்ற வேண்டியவை அதிகமில்லை. மண்வெட்டி, காட்டுக் கத்தி, ஜாக், ஜாக்கின் கீழ் வைக்க ஓரடிச் சதுரமான தடித்த பலகை, நல்ல கயிறு, நான்கைந்து வெறும் சாக்கு, டயர் காற்றை அளக்கும் கருவி, காற்று அடிக்கும் பம், டோர்ச், மேலதிக பான் பெல்ட், பியூஸ், முதலுதவிப் பெட்டி, ஆளுக்குக் குறைந்தது மூன்று லீற்றர் குடிநீர். பலகை இல்லாவிட்டால் ஜாக் மண்ணுக்குள் புதையுமே தவிர வாகனம் உயராது. பாரமான சாமான்கள் கீழே, அச்சுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். கூரையில் பாரம் ஏற்றினால் சரிவில் வாகனம் புரளும் ஆபத்து அதிகரிக்கும். ஆட்கள் இருக்கும் பகுதியில் எதுவும் கட்டாமல் கிடக்கக் கூடாது. ஒரு குழியில் விழுந்தால் பின்னால் கிடந்த மண்வெட்டி முன்னால் வந்து விடும். எரிபொருள் பாதித் தாங்கிக்குக் கீழே இறங்கிய நிலையில் உள்ளே போகக் கூடாது.

கயிற்றைக் கட்டுவதற்கு வாகனத்தின் முன்னும் பின்னும் உறுதியான வளையம் உண்டா என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். பம்பரிலோ, ட்ரெய்லர் கொழுவும் பந்திலோ கட்டி இழுக்கக் கூடாது. அவை பிய்த்துக்கொண்டு பறந்து ஆட்களைக் கொன்ற சம்பவங்கள் பல நாடுகளில் நிகழ்ந்துள்ளன. இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட வேண்டும். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளைக் கயிற்றின் நீளத்தை விட அதிக தூரத்தில் நிறுத்த வேண்டும்.

சாரதியைத் தயார்படுத்தல்

புதிய சாரதி ஒருவரை முதல் நாளே மாரி காலத்துச் சேற்றில் இறக்குவது கொடுமை. சிறுபோக அறுவடை முடிந்த காய்ந்த வெட்டைதான் நல்ல பள்ளிக்கூடம். அங்கு ஒரு நாள் முழுவதும் இரண்டே விடயங்களைப் பழகினால் போதும். ஒன்று, அக்சிலேட்டரைத் தொடாமல் முதலாவது கியரில் வாகனத்தை ஊரவிடுவது. மற்றையது, பின்னோக்கிச் செலுத்துவது. குளக்கட்டில் எதிரே உழவு இயந்திரம் வந்தால் இருநூறு யார் பின்னால் வர வேண்டியிருக்கும். கட்டின் ஓரம் மழையில் இளகியிருக்கும் என்பதால் விலகி இடம் விடவும் முடியாது. முன்னால் போகத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. இந்தப் பாதைகளில் ஆளைக் காப்பாற்றுவது பின்னால் வரத் தெரிந்திருப்பதே.

நான்கு சில்லு இழுவை உள்ள வாகனங்களில் 2 எச், 4 எச், 4 எல் என்று மூன்று நிலைகள் இருக்கும். சாதாரண வீதிக்கு 2 எச், வழுக்கும் கிறவலுக்கும் மணலுக்கும் 4 எச், சேறு, செங்குத்தான ஏற்ற இறக்கம், ஆழமான குழி என்பவற்றுக்கு 4 எல் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான டபிள் கப்களில் காய்ந்த தார் வீதியில் 4 எச் இல் ஓட்டினால் கியர்ப் பகுதிகள் முறுகிக் கெட்டுப் போகும். முக்கியமானது, சேற்றில் புதைந்த பின் அல்ல, சேறு கண்ணில் பட்டவுடனேயே நின்று மாற்ற வேண்டும். பழைய வாகனங்களில் முன் சில்லின் நடுவிலுள்ள திருகியையும் இறங்கித் திருப்ப வேண்டும். வீட்டு முற்றத்திலேயே இதைப் பழகி விடுவது நல்லது.

நிலத்துக்கு நிலம் ஓட்டும் விதம் மாறும். மணலில் டயர் காற்றைக் குறைக்க வேண்டும். வழமையாக 30 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை இருப்பதை 20 அளவிற்கு இறக்கினால் டயர் தட்டையாக விரிந்து மணலின் மேல் மிதக்கும். அதற்கும் கீழே மிகவும் இறக்கினால் டயர் றிம்மிலிருந்து கழன்று விடலாம். குறைத்த காற்றுடன் வேகமாக ஓடக் கூடாது. தார் வீதி ஏறுமுன் மீண்டும் காற்று அடித்துவிட வேண்டும். வயல் களிமண்ணில் சில்லு சுற்றத் தொடங்கினால் உடனே காலை எடுக்க வேண்டும். இன்னும் அமத்தினால் இன்னும் புதையும். இறங்கி, சில்லின் முன்னும் பின்னும் மண்ணை வெட்டி, சாக்கையோ தென்னோலையையோ இட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுப்பதுதான் இலகு. செங்குத்தான இறக்கத்தில் 4 எல், முதலாவது கியர். கிளட்சை மிதிக்கவே கூடாது. எஞ்சினே வாகனத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏற்றத்தில் எஞ்சின் நின்று போனால் வாகனத்தைத் திருப்ப முனையாமல், பின் கியரில் நேராக இறங்கி வர வேண்டும். குறுக்கே திரும்பிய வாகனம்தான் புரளும்.

உடையும் உடம்பும் பற்றி ஆண்கள் எழுதிய கையேடுகளில் இருக்காது. சேலைத் தலைப்பும் நீண்ட சோலும் கியரில் சிக்கும். தட்டைச் செருப்பு பிறேக்கில் வழுக்கும். சப்பாத்தும் களிசானும் அல்லது இறுக்கமான சல்வாரும் பொருத்தம். உயரம் குறைந்தவர்கள் ஆசனத்தை முன்னால் இழுப்பதோடு உயர்த்தவும் வேண்டும். பொனற்றின் முன் விளிம்பு தெரியாமல் இந்தப் பாதைகளில் ஓட முடியாது. கைப் பெருவிரல்களை ஸ்டியரிங் வளையத்தின் உள்ளே கொழுவிப் பிடிக்கக் கூடாது. சில்லு கல்லில் மோதும்போது வளையம் திடீரெனச் சுற்றி விரலை முறித்து விடலாம். நாள் முழுக்க மலசலகூடம் கிடைக்காத பயணங்கள் இவை. அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றைத் தேடிக்கொள்ளும் உத்தியோகத்தர்கள் பலர் உண்டு. வழியில் எந்த வீட்டில் கேட்கலாம் என்பதை முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பதும் பயண ஆயத்தமே.

வெளியே இறங்கி நின்று வழிகாட்டுபவர் ஒருவர் மாத்திரமாக இருக்க வேண்டும். "வலது, இடது, நில்" என்ற மூன்று கைச் சைகைகளையும் புறப்படும் முன்னரே பேசி வைக்க வேண்டும். கிராமத்திற்குள் வாகனம் புதைந்தால் பத்துப் பேர் பத்து விதமாகக் கத்துவார்கள். அத்தனையும் அன்பினால்தான். ஆனால் சாரதி பார்க்க வேண்டியது ஒரு சோடிக் கைகளை மட்டுமே.

யானை, அந்தி, பழைய வெடிபொருள்

படுவான்கரையின் எல்லைக் கிராமங்களில் யானை வராத மாதம் இல்லை என்றே சொல்லலாம். பிற்பகல் நான்கு மணிக்குள் காட்டோரப் பாதையை விட்டு வெளியேறும்படி திட்டமிடுவதே முதற் பாதுகாப்பு. யானை பாதையில் நின்றால் ஹோன் அடிக்கவோ, வெளிச்சத்தை அதன் முகத்திற்கு விடவோ கூடாது. தூரத்திலேயே நின்று, எஞ்சினை நிறுத்தாமல், அது போகும் வரை பொறுக்க வேண்டும். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே புகுந்து விடாதிருத்தல் அதைவிட முக்கியம். இங்கும் பின்னோக்கிச் செலுத்தத் தெரிந்திருப்பதே கைகொடுக்கும்.

மட்டக்களப்பு மாவட்டம் நிலக்கண்ணி அபாயம் நீங்கிய மாவட்டமாக 2017 இல் அறிவிக்கப்பட்டது. எனினும் யுத்தம் நடந்த காட்டுப் பகுதிகளில் மழை மண்ணைக் கரைக்கும்போது பழைய வெடிபொருட்கள் வெளிப்படலாம். ஆகவே புதர் மண்டிக் கிடக்கும், எவரும் பாவிக்காத தடத்தில் புதிதாக வாகனத்தை விடக் கூடாது. இரும்புத் துண்டு எதையும் தொடாமல் பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும். மாடு போன தடம், உழவு இயந்திரம் போன தடம் என்பனவே எமது தடங்கள்.

தாம்போதியில் ஒரு தீர்மானம்

இந்தப் பாதைகளில் உயிரை எடுப்பது பெரும்பாலும் சேறோ யானையோ அல்ல, தண்ணீர். 2024 நவம்பர் 26 ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தின் காரைதீவு – மாவடிப்பள்ளிப் பகுதியில், வெள்ளம் குறுக்கறுத்துப் பாய்ந்த வீதியில் மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு மாணவர்கள் பலர் உயிரிழந்ததை நாம் மறக்க முடியாது. உழவு இயந்திரம் வெள்ளத்தில் போகும் என்பது எமது பிரதேசத்தின் நம்பிக்கை. ஆனால் ஓடும் தண்ணீருக்கு வாகனத்தின் பெயர் தெரியாது. ஓரடி ஆழமான ஓடும் நீர் பல சிறு கார்களை மிதக்க வைத்து விடும். இரண்டடி நீர் டபிள் கப் உட்படப் பெரும்பாலான வாகனங்களைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கலங்கிய நீரின் கீழே வீதி இருக்கின்றதா, அறுந்துபோய் விட்டதா என்பதும் தெரியாது.

வெளிநாட்டுக் கையேடுகள் நீரில் முதலில் நடந்து பார்க்கச் சொல்கின்றன. எமது வாவியிலும் குளங்களிலும் முதலைகள் உள்ளன. ஓடும் நீர் முழங்காலுக்கு மேல் வந்தால் ஆளையும் புரட்டி விடும். ஆகவே அந்தத் தாம்போதியை நாள்தோறும் கடப்பவரிடம் கேட்பதும், ஓரத்தில் நடப்பட்ட கற்களில் நீர் மட்டம் எவ்வளவு என்று பார்ப்பதும்தான் எமக்குப் பொருந்தும். கரையில் ஒரு தடியை ஊன்றி அரை மணித்தியாலம் பொறுத்தால், நீர் ஏறுகின்றதா இறங்குகின்றதா என்பது தெரிந்து விடும். தேங்கிய, ஆழம் குறைந்த, அடி தெரிந்த நீரானால் 4 எல் இல் நிறுத்தாமல், வேகம் மாற்றாமல் மெதுவாகக் கடக்கலாம். கடந்த பின் பிறேக்கை இரண்டு மூன்று தடவை மெல்ல மிதித்து ஈரத்தைப் போக்க வேண்டும்.

ஒரு தை மாதம் இத்தகைய தாம்போதி ஒன்றில் நாம் நால்வர் நின்றோம். சாரதி ஆசனத்தில் இருந்த தோழிக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அக்கரையில், கணவனை இழந்த பெண் ஒருவர் காணி விண்ணப்பத்தில் கையொப்பமிடக் காத்திருந்தார். மறுநாள் பிரதேச செயலகத்தில் அதை ஒப்படைக்க வேண்டிய கடைசி நாள். அவருடைய பிள்ளைகள் அக்கரையில் நின்று கை காட்டுவது எமக்குத் தெரிந்தது. எம் கண் முன்னாலேயே பெட்டி நிறைய ஆட்களுடன் ஓர் உழவு இயந்திரம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய் ஏறியது.

"டபிள் கப்தானே, விடுங்க பிள்ள, போகும்!" என்றார் அருகில் நின்ற ஒருவர். எம்மோடு வந்த சிரேஷ்ட உத்தியோகத்தரும், "இவ்வளவு தூரம் வந்திட்டம்" என்று இழுத்தார். தோழி பதில் சொல்லவில்லை. தான் ஊன்றிய தடியைப் பார்த்துக்கொண்டே நின்றார். விறகுக் கட்டோடு வந்து குந்தியிருந்த ஓர் அம்மா மட்டும், "ஏறுற தண்ணி மகள். இறங்குற தண்ணிக்குள்ள போகலாம், ஏறுற தண்ணிக்குள்ள இறங்கப்படாது" என்றார். தடியில் அடையாளமிட்ட இடத்திலிருந்து தண்ணீர் இரண்டு விரற்கடை ஏறியிருந்தது.

"நான் எடுக்க மாட்டன்" என்றார் தோழி. அவ்வளவுதான். திருப்ப இடமில்லாத அந்த வீதியில் நூற்றைம்பது யார் பின்னோக்கியே வாகனத்தைக் கொண்டு வந்தார். வெட்டையில் நாள் முழுக்கப் பழகியதன் பயன் அன்று தெரிந்தது. அங்கிருந்து கிராமத்திற்குத் தொலைபேசி எடுத்தோம். வெற்று விண்ணப்பம் ஒன்று கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவியிடம் ஏற்கெனவே இருந்தது. அந்தப் பெண் அதில் ஒப்பமிட்டு, பொலித்தீனில் சுற்றி, மறுநாள் காலை வெள்ளத்திற்காக விடப்பட்ட தோணியில் ஏறி வரும் பால்காரரிடம் கொடுத்தனுப்பினார். பகல் பதினொரு மணிக்கு அது பிரதேச செயலகத்தில் ஒப்படைக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விண்ணப்பத்தின் பிரதியொன்றைக் கிராமத்திலேயே விட்டு வைத்ததும் பயண ஆயத்தத்தில் அடங்கும். போக முடியாமற்போனால் என்ன செய்வது என்பதற்கு விடை இருந்தபடியால்தான் திரும்புவது இலகுவாயிற்று. அந்த விடை இல்லாத சாரதியைக் கையசைக்கும் பிள்ளைகளே தண்ணீருக்குள் இழுத்து விடுவார்கள்.

சமூகவியலில் பதவியின் அதிகாரம், அறிவின் அதிகாரம் என்று பிரித்துப் பேசுவோம். இந்த வாகனத்திற்குள் சிரேஷ்ட உத்தியோகத்தரிடம் முதலாவது இருந்தது, தோழியிடம் இரண்டாவது இருந்தது. பெண் சாரதி, அதுவும் புதியவர், "மாட்டேன்" என்றால் அது பயம் என்று எண்ணப்படுகின்றது. அனுபவமுள்ள ஆண் சாரதி அதையே சொன்னால் நிதானம் என்பார்கள். ஆகவே புதிய பெண் சாரதியை வெளிக்களத்திற்கு அனுப்பும் நிறுவனங்கள் ஒரு விதியை எழுத்தில் வைப்பது அவசியம். திரும்பும் தீர்மானம் சாரதியுடையது. வாகனத்தில் இருக்கும் எவரும், எந்தப் பதவியில் இருந்தாலும், அதை விவாதிக்க முடியாது. அதற்காகப் பின்னர் அவரிடம் விளக்கம் கோரவும் முடியாது. வாகனத்திற்கு மண்வெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு இந்த உரிமையைக் கொடுக்காமல் விட்டால், ஆயத்தம் முற்றுப்பெறவில்லை.

பாதைக் கொப்பி

இறுதியாக, எந்தச் செலவுமில்லாத ஓர் ஏற்பாட்டைக் குறிப்பிட வேண்டும். வாகனத்தில் நிரந்தரமாக ஒரு கொப்பி இருக்கட்டும். ஒவ்வொரு பயணத்தின் பின்னும் சாரதி அதில் நான்கு வரி எழுத வேண்டும். திகதி, பாதை எந்த இடத்தில் உடைந்திருந்தது, தாம்போதிக் கல்லில் நீர் எந்த அளவில் நின்றது, அந்த ஊரில் யாருக்குத் தொலைபேசி எடுக்கலாம் என்பன. யானை கண்ட இடமும் நேரமும் இருந்தால் இன்னும் நல்லது. வாகனம் திரும்பி வந்த நாட்களும், அதற்கான காரணமும் தவறாமல் எழுதப்பட வேண்டும். ஒரு பெரும்போகமும் ஒரு சிறுபோகமும் கழிந்தால், எந்தப் பாதை எந்த மாதத்தில் திறக்கும், எது எப்போது மூடும் என்பது அந்தக் கொப்பியில் தெரிந்து விடும். பழைய சாரதிமார் தலைக்குள் வைத்துக்கொண்டு ஓய்வு பெற்றுப் போன அறிவு அது. கடைசிக் கிராமத்துக் கூட்டத் திகதியையும் அதைப் பார்த்தே குறிக்கலாம்.

அடுத்ததாக அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டு வரும் தங்கைக்கு வாகனச் சாவியைக் கொடுக்கும்போது, அந்தக் கொப்பியையும் சேர்த்துக் கொடுங்கள். முதல் நாள் அவர் வாசிக்கட்டும். இரண்டாம் நாள் பாயை விரித்து வாகனத்தின் கீழே படுக்கட்டும். மூன்றாம் நாள் வெட்டையில் பின்னோக்கி ஓடட்டும். அதன் பிறகு பாலத்தைக் கடக்கலாம்.